வெற்றுப் புலம்

மண்டபம் கேம்ப். காலை ஆறேகால்.
உப்புக் காற்றுக்கு எந்த இயந்திரத்தின் மீதும் மரியாதை கிடையாது.
இந்த வருடத்தில் இது மூன்றாவது கீபோர்டு;
‘ர’ விழுந்தால் எழுவதில்லை.

டிவியில் கீழே ஓடுகிறது செய்தி:
எல்லை தாண்டியதாக ஒன்பது பேர்.
தங்கம் சவரனுக்கு இவ்வளவு.
ஆயிரக்கணக்கில் பொறியாளர்கள் நீக்கம்.
பிறகு மறுபடி ஒன்பது பேர்.
எல்லாவற்றுக்கும் ஒரே வேகம்.
யாரோ ஒருவர் அந்த வேகத்தை
ஓர் எண்ணாகத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.
எனக்குத் தெரியும், நானும் போயிருக்கிறேன்.

எண்பத்தேழில் இந்தக் கரைக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்
(முதல் என்றுதான் சொன்னார்கள், நான் சரிபார்க்கவில்லை)
இறால் கம்பெனியில், ஐஸ் ரூமை ஒட்டிய அறையில்
மஞ்சள் துணி போர்த்தி இருந்தது.
செருப்பை வெளியே விடச் சொன்னார் கிளார்க் காசிலிங்கம்.
தானும் கழற்றி, கை துடைத்து,
நெற்றியைத் தொட்டுவிட்டு சுவிட்சைத் தொட்டார்.
கறுப்புத் திரையில் பச்சையாய் ஒரு சின்னக் கோடு
மினுங்கி அணைந்து மினுங்கியது,
உனக்கு என்ன வேண்டும் என்பதுபோல.
அத்தனை பொறுமையாக அதன்பின்
எவரும் என்னைக் கேட்டதில்லை.

மொத்த நினைவகம் அறுநூற்று நாற்பது கேபி.
இன்று எனக்கு வரும் ஒரு காலை வணக்கம் அதைவிடப் பெரிது,
ரோஜாப்பூவும் சேர்த்து.

படகுப் பதிவேடு எழுதினேன்.
போன நேரம், வந்த நேரம், ஆள், ஐஸ், டீசல்.
பெயருக்கு ஆங்கிலத்தில் எட்டெழுத்து, அதற்கு மேல் இடமில்லை.
‘சவேரியார் துணை’யில்
சவேரியாரே பாதியில் நின்றார், துணை ஏறவே இல்லை.
இன்னாசி சிரித்தான்:
“இருக்கட்டும் தாயி, கடலுக்கு முழுப்பேரு தெரியும்.”

ஐப்பசியில் ஒரு நாள் அவன் படகு திரும்பவில்லை.
வந்த நேரம்: காலி.
காலியை என் நிரல் சுழியம் என்று படித்தது.
சுழியம் எல்லா நேரத்துக்கும் முந்தியது.
மாலைப் பட்டியல் கரகரவென்று அச்சாகி இறங்கியபோது
முதலில் கரை சேர்ந்த படகாக
முதல் வரியில் இருந்தது அது.

அவன் மனைவி ரெஜினா எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
ஓரத்துத் துளைகளைக்கூடக் கிழிக்காமல்
காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
கரைக்கு ஓடினாள்.
நான் பின்னால் ஓடவில்லை.
இந்த இடத்தை விட்டுவிட்டு எழுதலாமா என்று பார்த்தேன்.

நான்காம் நாள் வந்தார்கள்.
எஞ்சின் பழுது. உதடெல்லாம் வெடிப்பு.
அதற்குள் ஒரு வரி சேர்த்திருந்தேன்:
காலியாக இருந்தால் காலி என்று சொல்.
பிறகு முப்பத்தைந்து வருடம்,
சென்னையில், குளிர் ஊர்களில், வங்கிகளுக்கு, காப்பீட்டுக்கு
எத்தனையோ லட்சம் வரி.
மனப்பாடமாக நிற்பது அது ஒன்றுதான்.

நேற்று இரவு போனில் இருக்கும் புதிய அறிவிடம் கேட்டேன்,
அந்த ஒன்பது பேர் எப்போது வருவார்கள் என்று.
கொஞ்சமும் தயங்காமல்,
ஒற்றுப்பிழை இல்லாத தமிழில்
ஒரு தேதி சொன்னது.
எந்தக் காகிதத்திலும் இல்லாத தேதி.
திட்ட வாயெடுத்தேன்.
எந்த வாயால்?

இப்போது வாசலில் பிளவேந்திரன் மனைவி.
ஒன்பதில் ஒருவன் அவன்.
தலை துவட்டாமல் வந்திருக்கிறாள், தோளெல்லாம் ஈரம்.
“நீங்க கம்ப்யூட்டர்ல இருந்தவங்க.
அதுல என்னன்னு போட்டிருக்கு, பாத்துச் சொல்லுங்க.”

போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.
நானே எழுதிய வரிதான்.
அதை வாய் அச்சிட
இவ்வளவு நேரம் எடுக்கிறது.
அவள் என் உதட்டையே பார்க்கிறாள்.
பின்னால் டிவியில்
தங்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.