நீலமாகத் தெரிந்தால்

சிலோயே தீவு, காஸ்த்ரோ நகர மருத்துவமனை, கீழ்த்தளம்.
ஜன்னலுக்கு வெளியே மழையில்
மரக்கால் ஊன்றி நிற்கும் வீடுகள்.
கடல் வற்றினால் முழங்கால் வரை தெரியும்.

பத்தே காலுக்கு வந்து சேர்ந்தது
ரொசெந்தா சிகுவாயின் வலது மூட்டு நீர்.
பன்னிரண்டு மில்லி,
உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரின் கலங்கல்.
வயது முப்பத்து நான்கு.
தொழில் என்ற கட்டத்தில்: மட்டி உரிப்பது.

ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு
ஒளிவடிகட்டியைத் திருப்பினேன்.
ஊசி ஊசியாக இருந்தால் யூரிக் அமிலம், அது வேறு கதை.
இவை குட்டை. சாய்ந்த சதுரங்கள்.
அச்சோடு ஒத்துக் கிடப்பவை நீலம்,
குறுக்கே கிடப்பவை மஞ்சள்.
மங்கலான நீலம்தான்.
மூன்று முறை பார்த்த பிறகே எழுதுவேன்.

குருத்தெலும்பில் இரத்தக்குழாய் இல்லை,
நரம்பும் இல்லை.
உள்ளே நடப்பது வெளியே கேட்காது.
ஒவ்வொரு செல்லும் தன் குழிக்குள்,
ஒற்றை வீடு மட்டும் இருக்கும் தீவுபோல.
ஆற்றலைச் செலவழித்த மிச்சத்தை,
இரண்டு பாஸ்பேட் கைகோத்த அந்தச் சின்னத் துண்டை,
அது வாசலில் கொட்டுகிறது.
நொதி ஒன்று வந்து பிரித்துப் போட்டுவிடும்
பெரும்பாலான வீடுகளில்.
சில குடும்பங்களில் கதவு கொஞ்சம் அகலம்.
கொட்டுவது கூடுகிறது,
பெருக்குகிறவர் பழைய ஒருவர்தான்.
கால்சியமோ எப்போதும் வாசலில் நிற்கிற ஆள்.
ஒட்டுகிறது,
அடுக்குகிறது,
பத்து வருடமானாலும் வலியில்லை.
எக்ஸ்ரேயில் மட்டும்
கறுப்பாக இருக்கவேண்டிய இடைவெளியில்
எலும்புக்கு இணையாய்
யாரோ சாக்பீஸால் இழுத்த ஒரு கோடு.

"மாமா வீட்டை நகர்த்திய அன்று," என்கிறாள் ரொசெந்தா,
"எட்டு ஜோடி எருது, கயிற்றில் ஊரே தொங்கியது.
நான் ஆப்பிள் மது ஊற்றிக்கொண்டு சும்மா நின்றேன்.
மறுநாள் கால் பொங்கிவிட்டது."
சும்மா நின்றதும் போதும்.
ஒரு சில்லு உதிர்ந்து நீரில் விழ,
வெள்ளணுக்கள் ஓடிவந்து விழுங்கி
செரிக்காமல் வெடிக்கின்றன. காய்ச்சலே வந்துவிடும்.

குடும்பத்தில் வேறு யாருக்கு, என்று டாக்டர் இத்தூர்ரா கேட்டார்.
நான் முடிவுத்தாளோடு வாசலில் நின்றிருந்தேன்.
அம்மாவுக்கு மணிக்கட்டு.
அண்ணன் அனிசெத்தோவுக்கு இரண்டு முழங்காலும்.
பிறகு படகுக்கார மான்சியா...
நிறுத்தினாள்.
"இல்லை, அவர் எங்களுக்கு ஒன்றும் வேண்டாதவர்."

நல்லவேளை, என் பெயரட்டை
திரும்பிக் கிடந்தது.

அப்பா படகுத்துறைப் படிகளில்
பின்பக்கமாகத்தான் இறங்குவார்.
"நிலத்தைப் பார்த்துக்கொண்டே போனால் திரும்பி வருவோம்" என்பார்.
நாங்கள் அதை மூடநம்பிக்கை என்று நம்பினோம்.
சிகுவாய் வீட்டுப் பக்கம் மட்டும்
ஏன் அவ்வளவு நேரம் படகைக் கட்டி வைத்தார் என்று
யாரும் கேட்டதில்லை.

மாலையில் ரொசெந்தா ஆய்வகத்துக்கே வந்தாள்.
"என்ன தெரிந்தது?"
பார்க்கச் சொன்னேன்.
ஒரு கண்ணை மூடி வெகுநேரம் குனிந்திருந்தாள்.
"மட்டி ஓட்டின் உள்பக்கம் மாதிரி."
அது வேறு சுண்ணாம்பு என்றேன்.
"எதுவானாலும், திறப்பதுதான் என் வேலை.
கட்டச் சொல்லி யாரும் கூலி தரவில்லை."

கடைசிப் பேருந்து ஐந்தரைக்கு.
வாசல்வரை போனேன், ஆறு படி,
கைப்பிடியைப் பிடித்து
ஒரே காலை முதலில் வைத்து, மற்றதை அருகில் சேர்த்து.
கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
குடையை விரிக்கவில்லை.

"எந்தக் கால்?" என்றாள்.

இடது, என்றேன்.