மற்றும் சிலர்

திருக்கடலூர் பாலர் பாடசாலையில் கூட்டம்.
பிள்ளைகளின் கதிரைகளில்
முழங்கால் நெஞ்சில் முட்ட
நாங்கள் இருபத்திரண்டு பேர்.
பொறுப்பதிகாரிக்கு மட்டும்
ரீச்சரின் கதிரை.

நான் கேட்டது வெளிச்சம்.
வாடி ஒழுங்கையில் எட்டு மாதமாய் லைட் இல்லை.
அது மின்சார சபை என்றார் நகரசபை உறுப்பினர்.
அது நகரசபை என்றிருந்தது, போன மாதம், மின்சார சபை.
பொறுப்பதிகாரி சிரித்தார். நல்ல மனிசன்,
கொஞ்சம் தமிழும் வரும்.
"இருட்டில நிக்கிற ஆக்கள்ட பேர் இருக்கா?"

முதலில் ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு ஒவ்வொன்றாய் வந்தன:
தங்கவடிவேலின் கடைசிப் பெடியன்,
பச்சை மோட்டார்சைக்கிள்காரன்,
இஞ்சின் களவுபோன இரவு
விழித்திருந்தவன்.
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்
சுவரிலிருந்த அணிலைப் பார்த்துச் சொன்னோம்.
அந்தக் கம்பத்தடியில்தான் சிக்னல் பிடிக்கும் என்று
ஒருவரும் சொல்லவில்லை.
நானும்.

செயலாளர் நான். முத்து முத்தான எழுத்து என்பார்கள்.
ஆறு பேரை எழுதினேன்.
ஏழாவது பெயருக்கு ஒரு குரல் வாயெடுக்க
தலைவர் யோகச்சந்திரன் இருமினார்.
அவருக்கும் ஒரு மகன்.
'மற்றும் சிலர்' என்று எழுதிக்
கோடு கீறினேன்.

விடியப்புறம் ஜீப் வந்தது, ஆறு வீட்டுக்கும்.
லைட் வரவில்லை.
இப்போது கம்பத்தடியில் ஊர்மான் ஒன்று நின்று
தேர்தல் போஸ்டரைத் தின்கிறது,
பசையோடு.

நேற்று தங்கவடிவேலின் மனைவி
கொப்பி ஒற்றை ஒன்றோடு வந்தாள்,
மகனுக்காக ஒரு மனு எழுதித் தரட்டாம்.
"உங்கட எழுத்தெண்டால்
பொலிசில மதிப்பினம், அக்கா."