இணைப்புத் தகடு

ஒத்திகைக்கு முந்தின நாள் மாலை
மூன்று நாட்டுத் தடுப்பு மிதவைகளையும்
துவாஸ் படகுத்துறையில்
பக்கம்பக்கமாகக் கிடத்தினோம்.
ஆரஞ்சு நிறத்தில் மூன்று மலைப்பாம்புகள்.
வாயோடு வாய் பொருத்திப் பார்த்தால்
ஒன்றை ஒன்று கவ்வவில்லை.

ஜொகூர் மிதவைக்குக் கொக்கி.
பாத்தாமிலிருந்து வந்ததற்குக் கீல்,
நடுவில் கம்பி செருகவேண்டும்.
எங்களுடையது மேலிருந்து வழுக்கி இறங்கும் தாழ்ப்பாள்.
மூன்றும் நல்ல சரக்கு.
மூன்றுக்கும் சான்றிதழ் உண்டு.

ஒப்பந்தம் எண்பத்தேழு பக்கம் என்றாள் சியூ லிங்.
கசிவு யாருடைய நீரில் நேர்ந்தாலும்
மூன்று நாடும் கைகோக்கும் என்று
பதினோராம் பக்கத்தில் இருக்கிறதாம்.
கோக்கிற கைகளுக்கு எத்தனை விரல்
என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

போன முறை, அது ஒத்திகை அல்ல,
கயிறு கட்டிச் சமாளித்தோம்.
முடிச்சுக்கு நடுவே ஒரு சாண் இடம்.
அந்த ஒரு சாணுக்குள் நுழைந்துபோன கறுப்பை
பதினைந்து நாள் கழித்து
அலையாத்தி வேர்களில் துணியால் துடைத்தேன்.
ஒவ்வொரு வேராக.
நண்டு ஒன்று என்னைப் பார்த்தும் ஓடாமல் இருந்தது.
பயமில்லை போலும் என்று நினைத்தேன்.
அதனால் நகர முடியவில்லை
என்று பிறகுதான் தெரிந்தது.

ஆகவே பட்டறையில் விடியவிடிய விளக்கு.
பன்னிரண்டு மில்லிமீட்டர் எஃகுத் தகடு,
மூன்று வரிசைத் துளை.
ஹஸ்மாவின் அளவுகள் அங்குலத்தில்.
யொஹானஸ் மில்லிமீட்டர்க்காரன்.
அவர்கள் இருவர் மொழியாவது ஒன்று என்று நினைத்திருந்தேன்.
"பூசிங்" என்றாள் ஹஸ்மா, மரையைத் திருகச் சொல்லி.
யொஹானஸ் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்:
அவன் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தலைசுற்றல்.
இரவு ஒரு மணிக்கு
இரண்டு பொருளும் சரியாகத்தான் இருந்தன.

முதல் தகடு பிசகிவிட்டது. இரண்டு மில்லிமீட்டர்.
அடுத்தது ஏறிக்கொண்டபோது
யாரும் எதுவும் பேசவில்லை.
ஆறிப்போன கோப்பியைக் குடித்தோம்.

காலையில் கணக்கர் அமிர்தவல்லி கேட்டார்:
எஃகும் ஆள்கூலியும் எந்த நாட்டுக் கணக்கில்?
"கடல்" என்று எழுதினேன்.
அதை அடித்துவிட்டு
"இதர செலவு" என்று எழுதிக்கொண்டார்.

எண்ணெய்க்குப் பதிலாகப் பொரி.
தேக்காவில் வாங்கிய இருபது மூட்டை.
ஆயுதபூஜைக்கு இன்னும் நாளிருக்கிறதே
என்றாராம் கடைக்காரர்.
நீரிணையின் நடுவே அவிழ்த்துக் கொட்டினோம்.
வெள்ளையாக விரிந்து
நீரோட்டத்தின் போக்கைக் காட்டியது.
எல்லைக்கோடு படகின் திரையில் மட்டும் தெரிந்தது;
பொரி அதைத் தாண்டிக் கொஞ்ச நேரமாகியிருந்தது.

வானொலியில் மூன்று குரல்.
யாருக்கு இடப்பக்கம் என்பதில் ஒரு சண்டை.
எந்தக் கூட்டக் குறிப்பிலும் ஏறாத சொற்கள் சில
பரிமாறப்பட்டன, உடனே புரிந்தன.
மூன்று படகும் வளைந்து சேர்ந்தன.

அப்போது பார்த்து ஒரு சரக்குக் கப்பல்
வேகம் குறைக்காமல் கடந்து போயிற்று.
அதன் அலை மிதவைகளைத் தூக்கி அறைந்தது.
தகடு முனகியது. என் பல்லில் கேட்டது.
விடவில்லை.
ஆலாக்கள் இறங்கி
சிக்கிய பொரியை, தப்பிய பொரியை,
யாரையும் கேட்காமல் தின்றன.

கழற்றியபின் ஹஸ்மா தகட்டைத் தாளில் வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டாள்.
யொஹானஸ் தன் கையைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தான்.
இன்னும் அறுபது வேண்டுமாம், பருவமழைக்குள்.

பிசகிய தகட்டை நான் எறியவில்லை.
அடுத்த மாதம் கூட்டத்துக்கு
கோட்டும் டையுமாக வருகிறவர்கள்
நல்ல தகட்டின் மேல் அதை வைத்து
வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கட்டும்,
ஒவ்வொரு துளையையும் அடைத்து நிற்கும்
பிறையளவு எஃகை.