அலுமினியத் தட்டு, நூற்றுப் பத்து

தாலுகா ஆபீஸ் சுவரில் ஏல அறிவிப்பு:
இரும்புக் கட்டில் முப்பத்தாறு,
அண்டா மூன்று, அதில் ஒன்று ஓட்டை,
அலுமினியத் தட்டு நூற்றுப் பத்து.
இடம்: அரசினர் குழந்தைகள் இல்லம், காவேரிப்பட்டணம்.
கடைசி வரியைப் படித்திருக்கவே வேண்டாம்.
அந்த ஓட்டைக்கு நான் சாட்சி.

பழைய இரும்புக் கடைக்காரனாகத்தான் போனேன்,
தராசோடும் ஒரு மினி லாரியோடும்.

பட்டு வளர்ப்புக்கென்று கட்டிய கொட்டகை அது.
எங்களுக்கு முன்னால் அங்கே புழுக்கள்
மல்பெரி இலை தின்றுகொண்டிருந்தன.
பஞ்சம் வந்த வருஷம் தட்டிகளை அவிழ்த்துவிட்டுப்
பையன்களைப் படுக்க வைத்தார்கள்.
முதல் நாள் பன்னிரண்டு பேர்,
மொரப்பூர் ரயிலடியில் பிடித்தவர்கள்.
ஆண்டுவிழாவுக்கு வருகிறவர்கள் தவறாமல்
கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று பேசுவார்கள்.
கூட்டை வெந்நீரில் போடுவதுதான் வழக்கம் என்று
எங்களில் ஒருவனும் எழுந்து சொன்னதில்லை.

பெயர்ப்பலகை மூன்று முறை மாறியது.
அநாதைச் சிறுவர் விடுதி,
பிறகு ஆதரவற்றோர்,
பிறகு சிறுவர், கடைசியில் குழந்தைகள்.
ஐப்பசி மழைக்கு மேல் பெயின்ட் உரிந்து
'அநா' மட்டும் எட்டிப் பார்க்கும்.
பெயர் மாறிய நாளெல்லாம் கேசரி கிடைத்தது.
இன்னும் இரண்டு தடவை மாறியிருக்கலாம்.

சேர்க்கைப் பதிவேட்டில்
எல்லோரும் ஜூன் ஒன்றில் பிறந்தோம்.
தகப்பன் பெயர்: தெரியாது.
தெரியாது என்பவர் பெரிய குடும்பஸ்தர்.
திம்மராயனுக்கும் அவர்தான், அமீர்ஜானுக்கும் அவர்தான்.
சண்டையில் 'உங்கப்பன்' என்று ஆரம்பிப்பவன்
பாதியில் நிறுத்திக்கொள்வான்.

தட்டில் ஆணியால் குத்திய எண். எனக்கு அறுபத்தேழு.
ஒருத்தன் போனால் அவன் எண் அடுத்தவனுக்கு.
என் தட்டின் அடியில் யாரோ ஒரு தெலுங்கு எழுத்தைக் கீறியிருந்தான்.
சமையல் சாக்கம்மாவிடம் காட்டினேன்.
தெலுங்கு பேசத்தான் வரும், படிக்க வராது என்றாள்.

எழுபத்தெட்டு, ஆடி மாதம்.
குருணைக் கஞ்சியில் புழு மிதந்த மூன்றாவது நாள்
திம்மராயன் தோட்டத்துக் கடப்பாரையைக் கொண்டுவந்து
அண்டாவின் அடிவயிற்றில் ஒரே குத்து.
கஞ்சி வாசற்படிவரை போயிற்று.
நாங்கள் கால் நனையாமல் தள்ளி நின்றோம்.
அவ்வளவுதான் நாங்கள் செய்தது.
சாயங்காலம்வரை அவன் முட்டி போட்டிருந்தான்.
ராத்திரி தென்பெண்ணையில் முழங்கால் தண்ணீர்தான்.
சிவப்பு மையில் எழுதினார்கள்:
'எண் 34, தப்பியோட்டம். தட்டு ஒன்று காணவில்லை.
விலை ரூ. 2.40, காவலாளி சம்பளத்தில் பிடித்தம்.'

இப்போது எழுத்தர் பூங்கோதை எண்ணுகிறார், நான் அடுக்குகிறேன்.
நூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினோம்.
நூற்றுப் பதினொன்று.
'குறைஞ்சா ஒரு வரி எழுதிடலாம்ணா,
கூடினா ஆடிட்டுக்கு யாரு பதில் சொல்றது?' என்றார்.

ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன்.
மற்றதெல்லாம் விளிம்பு நசுங்கியவை,
நூறு கை மாறியவை.
முப்பத்து நான்கு மட்டும் நடுவில் மெலிந்திருந்தது.
ஒரே ஆள், ஒரே கை,
பல வருஷம் வழித்துத் தின்ற மெலிவு.
ஓரத்தில் ஒரு விரிசல், அதற்கு ஈயப் பற்று.
பற்று வைக்கக் காசிருந்திருக்கிறது.

எப்போது வந்தான், யாரிடம் கொடுத்தான்,
மதில் தாண்டி வைத்துவிட்டுப் போனானா?
கேட்க ஆளில்லை. வாட்ச்மேன் வந்தே
ஆறு மாதம்தான் ஆகிறதாம்.

'அதை எடையில சேர்க்காதீங்க,
நான் பார்க்கலை' என்று பூங்கோதை
பதிவேட்டை மூடினார்.

கட்டில், அண்டா எல்லாம் பின்னால் ஏற்றினோம்.
தட்டை டிரைவர் பக்கத்து சீட்டில் வைத்தேன்.
பாலக்கோடு ரோட்டின் பள்ளம் ஒவ்வொன்றுக்கும்
அது சத்தம் போட்டது.
பையன், எதுக்குண்ணே அதைப் பிடிச்சிட்டு வர்றீங்க,
கீழே போட்டா என்ன ஆயிடும் என்றான்.