இடது சுவர்

இடது சுவரைப் பூச வேண்டாம் என்றேன்.
அல்போன்ஸ் அண்ணர் இரண்டு பை சீமெந்தையும்
வாசலிலேயே இறக்கிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.
"விளங்குது தங்கச்சி. ஞாபகத்துக்கு வைச்சிருக்கிறியள்."
இல்லை என்றேன்.
ஞாபகத்துக்கு வேறு இடங்கள் உண்டு,
பூசினாலும் மூடாதவை.
இது சத்தத்துக்கு.

கொக்குவிலில் கடன் எடுத்து வாங்கிய வீடு.
முன்னறை பதினாலடிக்குப் பன்னிரண்டு.
வலது சுவரை விற்றவரே வழுவழுவென்று பூசி
இளம்பச்சை அடித்திருந்தார்.
இடதுக்கு வரும்போது காசு முடிந்திருக்க வேண்டும்.
ஷெல் துண்டுகள் கொத்திய குழிகள் அப்படியே:
சில விரல் நுழையும் ஆழம்,
சிலவற்றில் தீப்பெட்டி வைக்கலாம்.

கஸ்தூரியார் வீதியில்
சீட்டுக்காசு முழுவதையும் கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர்கள்
கடையில் பாடின. வீட்டில் குரைத்தன.
தடித்த வயர் போடுங்கோ என்றார் கடைக்காரர்.
போட்டேன்.
தடிப்பாகக் குரைத்தன.
"இதைவிடப் பெரிய அம்ப் ஒண்டு கிடக்கு" என்றார்.
அன்றைக்குத்தான்
நான் அறையைக் கேட்கத் தொடங்கினேன்.

நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினேன்.
தகரத்தில் மிளகு கொட்டினாற்போல்
திரும்பி வந்தது.
கடைசி ரயில் ஸ்டேசனைத் தாண்டும்போது
ஒரு மூலையில் மட்டும் உறுமல் நின்று மிதிக்கும்.
அங்கே இரண்டு நெல்மூட்டைகளை நிறுத்தினேன்.
அன்றிரவு ரயில் மெலிந்து போனது.
ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து மூன்றடி முன்னே இழுத்தேன்.
நடக்க வழியில்லை என்றான் சேயோன்.
சுற்றி நட.

அவன் கையில் அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து
சுவரோரமாக மெல்ல நகர்த்தச் சொன்னேன்.
நான் கதிரையில்.
கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான்
சத்தம் சுவரில் பட்டு என்னிடம் வருகிறது.
அவ்வளவுதான் கணக்கு.
வலப்பக்கம், நில்.
அங்கே பழைய கம்பளியைத் தொங்கவிட்டோம்.
இடப்பக்கம், நில்.
கண்ணாடியை விலக்கினான்.
குழிகள் மிக நெருங்கிக் கிடந்த இடம்.
ஒன்றுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான்.
"இதுக்கும் கம்பளியோ?"
கை தட்டு என்றேன்.
தட்டினான். மிளகு இல்லை.
கூரான சத்தங்களை மட்டும்
அந்தச் சுவர் பிய்த்துப் பிய்த்து எறிந்திருந்தது.
நல்லது என்று சொல்ல வாய் வரவில்லை.
சரியாக இருக்கு என்றேன்.

மிச்சம் ஒரு இரைச்சல்,
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ம்ம்ம் என்று.
எர்த் பிழை.
எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல்,
கம்பி நாலடிக்கு மேல் இறங்க மாட்டேன் என்றது.
குழிக்கு உப்பும் கரியும் போட்டு
சித்திரை வெயிலில் நாளுக்கொரு வாளி தண்ணீர்.
வேலிக்கு மேலால் யோகேஸ் ரீச்சர்:
"என்ன கண்டு வைச்சிருக்கிறியள்?"
இன்னும் முளைக்கேல்லை, ரீச்சர்.

நேற்றிரவு ஒரு தவில் தனி போட்டோம்,
ஏதோ கோயில் வீதியில் யாரோ பதிந்தது.
வலந்தலை இடது ஸ்பீக்கர் பக்கம்,
தொப்பி வலது பக்கம்.
எங்களைப் பார்த்தபடிதானே அவர் இருக்கிறார்.
நடுவில் ஒரு ஆள் சம்மணமிடும் அகலம்,
வெறும் காற்று.
தீர்மானத்துக்குக் கொஞ்சம் முன்னால்
யாரோ இருமினார்கள்.
சேயோன் ரோச்சை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனான்.
"ஒருத்தரும் இல்லை" என்று வந்தவனுக்குத்
திருப்பிப் போட்டுக் காட்டினேன்.
இருமியவர் தவிலுக்குப் பின்னால்,
கொஞ்சம் இடப்பக்கமாக,
கலண்டரையும் தாண்டி நின்றார்.

அல்போன்ஸ் அண்ணர் குழிகளைத் தடவிப் பார்த்தார்.
"அப்ப இந்தச் சீமெந்து?"
இரண்டு கட்டை வார்த்துத் தாங்கோ.
உள்ளே கோறையாக, மணல் நிரப்ப.
ட்வீட்டர் என் காது மட்டத்துக்கு வரவேணும்.
அவர் என்னைக் கதிரையில் இருத்தி
நிலத்திலிருந்து காதுவரை நூல் பிடித்தார்.
பிடித்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்:
"பாட்டுக் கேக்கேக்கை
நிமிர்ந்தோ இருப்பியள், சாய்ஞ்சோ?"