ஓரத்து எண்கள்

சாலையில் காய்ந்த சம்பா நெல்லில்
காலை ஒன்பதரைக்கு வழுக்கியது பைக்.
டேங்கின்மேல் உட்கார்ந்திருந்தவன்
நான்கு வயசுக் கவினேஷ்.
நெற்றியில் எலுமிச்சை அளவு புடைப்பு.
ஒரு தடவை வாந்தி,
பயத்திலா அடியிலா தெரியவில்லை.

மன்னார்குடி வரும்போது மணி இரண்டு.
உரச்சாக்குப் பையிலிருந்து
ராசகோபால் உருவிய காகிதத்தில்
டாக்டர் கிறுக்கல்: தலை, சி.டி.
அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர்.
எஞ்சின் இன்னும் காதில் இரைவதுபோல்
கத்தித்தான் பேசுகிறார்:
"பணம் கட்டியாச்சு மேடம், சீக்கிரம் எடுங்க."

பையில் இன்னொன்று துருத்தியது.
கறுப்பு ஃபிலிம், நடுவில் மடிந்தது.
"அது காலைல திருத்துறைப்பூண்டியில எடுத்தது.
இங்க நம்ம சென்டர்ல எடுத்தாத்தான்
பார்ப்பேன்னுட்டாரு."

விளக்குப் பெட்டியில் சொருகினேன்.
இருபது துண்டுகளாய் ஒரு சின்ன மண்டை.
கசிவு இல்லை, விரிசல் இல்லை,
பின் குத்திய ரிப்போர்ட்டும் அதையே சொன்னது.

எல்லோரும் படத்தின் நடுவைப் பார்ப்பார்கள்.
நான் ஓரத்தைப் பார்ப்பேன்.
பொடி எழுத்தில் வயது: நான்கு.
அதற்குக் கீழே
பெரியவர் தலைக்கு வைக்கிற எண்கள்.
யாரோ அவசரத்தில்
மாற்றாமல் அழுத்தியிருக்கிறார்.
திட்ட வாய் வரவில்லை.
என் முதல் வருசத்தில் நானும் அப்படித்தான்,
எத்தனை பிள்ளைகளுக்கு என்று
எண்ணி வைக்கவில்லை.

படிக்கு நெல் பதினாலாயிரத்து நானூறு,
பழைய வாய்ப்பாடு.
பிள்ளைத் தலைக்கென்று அளந்து விட்டால்
படியில் ஒரு நெல் கருக்காய்.
அளக்காமல் விட்டால் உழக்கில் ஒன்று.
புத்தகக் கணக்கல்ல இது,
ராத்திரி தூக்கம் வராமல் நான் போட்ட கைக்கணக்கு.
எந்த நெல் என்று எந்த முறமும் சொல்லாது.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
கடைமடைக்கு வர நாளாகும்.
இது வர இருபது வருசமாகலாம்.
வராமலே போகலாம்.

என் மேலங்கியில் ஒரு பேட்ஜ் உண்டு.
நான் வாங்கிய கதிருக்கு
மூன்று மாதத்துக்கொருமுறை கணக்கு வரும்.
ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு.

போன் போட்டேன்.
"நஜ்மா, அனுப்பினத எடும்மா."
"முதல் படம் தெளிவா இருக்கு சார்."
மறுமுனையில் ஃபேன் ஓடும் சத்தம்.
மாசக் கடைசியில் போகும் கவர்
எங்கள் இருவருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது.
"சரி, எட்டு மணி வரை வச்சுப் பாரு.
பொறுப்பு உன்னோடது."

"காசு குடுத்தும் எடுக்க மாட்டீங்களா?"
படி, உழக்கு எதுவும் அவரிடம் சொல்ல வரவில்லை.
"திரும்ப வாந்தி வந்தா, கண்ணு சொக்கினா,
நானே தூக்கிட்டு ஓடுறேன்.
அப்ப ஒரு நொடி யோசிக்க மாட்டேன்."
நம்பினாரா தெரியாது.
வெளியே போய் பீடி பற்ற வைத்தார்.

அரை மணிக்கொரு தடவை கேட்டேன், உன் பேர் என்ன.
ஐந்தாம் தடவை
முறுக்கை வாயில் வைத்தபடியே முறைத்தான்:
"உனக்கு ஞாபகமே இருக்காதா?"
சிரித்தேன்.
உள்ளங்கை வியர்வை அப்படியே இருந்தது.
நான் தப்பாயிருந்தால்?

எட்டரைக்கு
தாய் செங்கமலத்திடம் தடுப்பூசி அட்டை கேட்டேன்.
கடைசி ஊசிக்குக் கீழே காலி வரியில்
தேதி, இடம், தலை, ஒன்று என்று எழுதினேன்.
பக்கத்தில் அந்த ஓரத்து எண்கள்.
"இது எந்த ஊசிக்கா?"
"ஊசி இல்ல, கணக்கு.
இனிமே யாரு படம் எடுக்கச் சொன்னாலும்
மொதல்ல இதக் காட்டுங்க."

ராசகோபால் பணத்தைத் திருப்பிக் கேட்டார்.
கவுன்டர் பையன் போய்விட்டான்.
நாளைக்கு வரச் சொன்னேன்.

தார்ப்பாய் மூடிய நெல்லுக்கு ஒதுங்கி
மெதுவாய்ப் போனது பைக்.
இந்த முறை அவன்
இருவருக்கும் நடுவில்.