ஜி-க்கு ஒரு முடி மேலே

மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்:
லூ. மிக்கேல் – பெர்னத்தம்மாள், திருமண அன்பளிப்பு.
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போய் வந்த டிபன் பாக்ஸ்.
உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், ஏழு ரெசிஸ்டர்,
ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று.
மிதித்தால் பேஸ் கிட்டார் கரகரக்க வேண்டும்.
"எக்கா, வள்ளத்துக்க எஞ்சின் சூடாவும்போ
ஒரு தொண்டைக்கட்டு வரும்லா, அது வேணும்"
என்றான் டெல்வின்.

குளச்சலில் என் கடை.
வயர்லெஸ், ஜி.பி.எஸ், மீன் பார்க்கும் கருவி,
உப்பு தின்ற எல்லாம் என் மேசைக்கு வரும்.
பெடல் வந்ததில்லை.

படம் சாதா கிட்டாருக்கு வரைந்தது.
மெல்லிய கம்பிகள் சீறின;
தடித்த கம்பியைத் தட்டினால்
பக்கத்து அறையில் யாரோ இருமுவது போல.
வாசலில் நின்ற கெப்பாசிட்டர் வலை மாதிரி,
சிறுசைத் தாண்டவிட்டுப் பெருசைப் பிடித்துக்கொண்டது.
எங்களுக்குத் தாண்டி வர வேண்டியது பெருசுதான்.
பத்து மடங்கு பெரியதாக ஒன்றைப் பற்றவைத்தேன்.
மேசையில் ஸ்க்ரூக்கள் நடந்தன.

பிறகு அந்த உறுமல்.
யாரும் வாசிக்காதபோதும் ஒரு
ம்ம்ம்ம்.
ஜாக்கில் பச்சைக் களிம்பு, சுரண்டினேன்.
சாம்பல் பூத்த ஒரு பற்று, உருக்கி மறுபடி வைத்தேன்.
மூடி போர்டில் உரசாமல் இருக்க
பங்குக் காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டினேன்;
அதில் ஆகஸ்ட் பாதி இருந்தது.
கடையில் சத்தமே இல்லை.
முட்டம் பங்கு அரங்கில் வைத்தால்
ம்ம்ம்ம்.

கம்பியைத் தொட்டால் குறைந்தது, விட்டால் வந்தது.
பாட நின்ற ஷைனியை மைக் உதட்டில் கடித்தது.
அப்போதுதான் டிபன் பாக்ஸிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு
அரங்கின் பின்பக்கம் போனேன்.
எர்த் குழி. சிமெண்ட் மூடிக்கடியில்
காய்ந்த மணல், ஒரு டென்னிஸ் பந்து.
நாலு குடம் தண்ணீர், இரண்டு கிலோ கல்லுப்பு.
கடலுக்கு நூறடியில் நின்றுகொண்டு
பெட்டிக்கடையில் காசு கொடுத்து உப்பு வாங்கியதை
உபதேசியார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

பாதி போனது. மீதி
தரையோடு கிடந்தது.
டெல்வின் தலையைச் சாய்த்துக் கேட்டான்.
தடித்த கம்பியில் மூன்றாம் கட்டையை அமுக்கினான்.
"இது ஜி எக்கா. ஜி-க்கு ஒரு முடி மேல."
இரண்டும் சேர்ந்ததும் சத்தம்
ஏறி இறங்கியது, நொடிக்கு ஒருமுறை,
நங்கூரத்தில் கிடக்கும் வள்ளம் போல.
மின்வாரியம் ஐம்பது. அவன் கம்பி நாற்பத்தொன்பது.
கணக்கை நான் சொல்லவில்லை.
அவன் கண்டுபிடித்தது அவனுடையதாகவே இருக்கட்டும்.

ஒன்பதாம் திருநாள். பாட்டின் நடுவில் கரண்ட் போனது.
சுயம்புவின் ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
சீரியல் லைட், ராட்டினம், ஐஸ்கிரீம் வண்டி,
எல்லாம் அதன் முதுகில்.
மூச்சு வாங்கி அது வேகம் குறைய
உறுமலும் கொஞ்சம் கீழே இறங்கியது.
டெல்வின் ஜி-யில் நின்றான்.
ஏற்ற இறக்கம் தளர்ந்தது.
இன்னும் தளர்ந்தது.
நின்றது.
கம்பி எது, கோளாறு எது என்று
எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலிகள் முனகின.
அவன் யாரையும் பார்க்கவில்லை,
காலடியில் இருந்த மிக்கேல் – பெர்னத்தம்மாளைத் தவிர.

சுயம்பு எதையோ திருகினான்,
வள்ளம் மறுபடி ஆடத் தொடங்கியது.

ஒரு குறை பாக்கி.
மிதிக்கும்போது 'டப்' என்று ஒரு அறை விழுகிறது.
ஒரு ரெசிஸ்டர் போதும்.
திங்கள்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்,
கடலுக்குப் போகவில்லையென்றால்.